வாய் திறக்காத பேட்டி

கேள்வி கேட்டேன். பதில் இல்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, விரலால் வாயைச் சுட்டிக் காட்டினார்.

நாக்குக்கு அடியில் மாத்திரை.

சென்னையில் ஒரு சிகிச்சை மையம், காலை எட்டு மணி. ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்குத் தரும் பியூப்ரினார்பின் அது. விழுங்கினால் பெரிதாகப் பலனில்லை. நாக்கடியில் கரைய வேண்டும். அதுவரை பேசக்கூடாது. பெஞ்சு முழுக்க ஆண்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் போல அமைதியாக. “நாக்கைத் தூக்குங்கள் அண்ணா” என்று செவிலியர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். மாத்திரையை வெளியே கடத்திவிடக் கூடாதல்லவா!

இருபது வருடமாக இந்தத் துறையைப் பற்றி எழுதுகிறேன். ஆரம்பத்தில் நான் எழுதியதெல்லாம் பறிமுதல் செய்தி. எத்தனை கிலோ, எத்தனை பேர் கைது, கூடவே ஓர் ஊசிப் படம். “போதை ஆசாமி” என்று தலைப்பு வைத்தவனும் நான்தான். இன்று எடுத்துப் படித்தால் கூசுகிறது.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. சிறிய அளவோடு பிடிபட்டவர் தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். அதை நான் முதன்முதலில் எழுதியது, வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் கழித்து. கிலோக் கணக்கு இல்லாத செய்திக்கு முதல் பக்கத்தில் இடமில்லை.

மாத்திரை கரைந்தது. நோட்டைத் திறந்தேன்.

“நாளைக்கு வாருங்கள் சார். லோடு ஏற்ற நேரமாகிவிட்டது” என்று சைக்கிளை எடுத்தார்.