வட்டக்களரியும் கண்ணாடி மேசையும்

மட்டக்களப்புச் சனம் கூத்துப் பார்த்துப் பழகியது. கூத்தாடும் வட்ட அரங்கான வட்டக்களரியைச் சுற்றி எந்தப் பக்கமும் பாயைப் போட்டுக் குந்திவிடும். ஊர் ஊராகப் போகும் மேடை வித்தைக்காரருக்கு அதுதான் முதல் தலையிடி. பழைய வித்தைச் சாமான்களில் முக்கால்வாசி முன்பக்கத்துக் கண்ணுக்கு மட்டும் செய்தவை.

பேசும் தலையை எடுங்கள்: அடியில் வெறுமையாகத் தெரியும் மேசைமேல், பெட்டிக்குள் உடலில்லாத் தலை பேசும் வித்தை. 1865இல் லண்டன் எகிப்திய மண்டபத்தில் ஸ்டோடேர் என்ற வித்தைக்காரர் காட்டியது. மூன்று கால் மேசை; முன்காலிலிருந்து பின்கால்கள் இரண்டுக்கும் ஒவ்வொரு முகம் பார்க்கும் கண்ணாடி, இடையில் செங்கோணம். கண்ணாடியில் விழுவது பக்கத் திரை. சனம் அதைப் பின்திரை என்று நம்பும். ஆள் கண்ணாடிக்குப் பின்னால் முழங்காலில். தலை மேசைத் துவாரத்தால் அடியில்லாப் பெட்டிக்குள் வரும்.

கோயில் வீதியில் கட்டும்போது பின்திரை கண்ணாடியிலிருந்து 6 அடி என்றால் பக்கத் திரைகளும் 6 அடி. மூன்றும் ஒரே துணி, ஒரே சாயம். நடுக்கோட்டிலிருந்து 30 பாகை ஒதுங்கி இருப்பவரின் பார்வை கண்ணாடியில் பட்டு முன்பக்கமாகத் திரும்பும். ஆகவே பக்கத் திரை கண்ணாடியைத் தாண்டி முன்னுக்கு 3½ அடியாவது நீளவேண்டும். குறைந்தால் மேசைக்கடியில் முன்வரிசைக்காரரின் கால்கள் தெரியும். 30 பாகைக்கும் அப்பால் ஒருவரையும் இருத்தக்கூடாது. கயிறு கட்டிப் பயனில்லை, குனிந்து வந்துவிடுவார்கள். கிடுகு வேலிதான் நிற்கும்.

கச்சான் காற்று அடித்தால் பக்கத் திரை ஆடும். பின்திரை அசையாது, மேசைக்கடியில் மட்டும் துணி நெளியும். கீழ்விளிம்பை மடித்துத் தைத்து மணல் நிரப்புங்கள்.

மணல்தரை நமக்கு வாய்த்த நன்மை. பாய் விரித்தால் அதன் கோடுகள் கண்ணாடியில் முறிந்து காட்டிக்கொடுக்கும். மணலையும் விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், அதுவும் கோடுதான். பலகையால் தடவிவிடுங்கள். பெற்றோமக்ஸ் இரண்டு, முன்னால் உயரத்தில், இருபக்கமும் ஒரே தூரத்தில். ஒன்றில் காற்று இறங்கினால் அந்தப் பக்கத் திரை இருளும், முன்காலுக்கு இடமும் வலமும் இரு நிறமாகும். பம்ப் அடிக்க ஒரு பையன் வேண்டும். வித்தைக்காரர் மேசைக்குப் பின்னாலோ பக்கத்திலோ போகவே கூடாது. பின்னால் போனால் அவர் கால் மறையும், பக்கத்தில் போனால் கண்ணாடியில் விழுந்து அவர் கால் கூடும்.

பயணத்தில் சாமான் தொலைவதும் உடைவதும் புதிதல்ல. அமெரிக்க வித்தைக்காரர் கெல்லர் 1875இல் கப்பல் விபத்தில் எல்லாவற்றையும் இழந்தார். நமக்கு லொறியும் பள்ளமும் போதும். கண்ணாடியைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, மரச்சட்டத்துக்குள் வைக்கோல் அடைத்து ஏற்றவேண்டும். உடைந்தால் கல்முனையில் புதிதாக வெட்டுவிக்கலாம். தடிப்பைக் கேட்டு வாங்குங்கள்: 4 மில்லிமீற்றருக்கு வெட்டிய காடியில் (கண்ணாடி இறங்கும் வரிப்பள்ளத்தில்) 3 மில்லிமீற்றர் கண்ணாடி ஆடும், 5 இறங்கவே இறங்காது.