மூன்றாவது கியரில் மாட்டிக்கொண்ட கார்

சோழிங்கநல்லூர் சிக்னலில் பச்சை விழுந்தது. மிதித்தேன். இன்ஜின் உறுமுகிறது, வண்டி மட்டும் மாட்டு வண்டி மாதிரி நகர்கிறது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரனிலேயே திட்டினார். மீட்டரில் 'ஓ/டி ஆஃப்' விளக்கு (கடைசி கியரான ஓவர்டிரைவை நிறுத்தினால் எரிவது), நான் எதையும் தொடாமலே, மினுக்கிக்கொண்டிருந்தது. ஓரங்கட்டி ஆஃப் செய்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

கார் 2006 மாடல், ஜப்பான் செடான். டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வைத்த பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக். 1,42,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

முதலில் காட்டிய மெக்கானிக் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கியர்பாக்ஸ் போச்சு சார். இறக்கி ஓவர்ஹால் பண்ணணும், ஒண்ணேகால் லட்சம் ஆகும்" என்றார். காரை விற்றாலே அவ்வளவு வருமா என்பது சந்தேகம். இரண்டாவது ஆள் மெஷின் வைத்து ஆயிலை மொத்தமாக ஃப்ளஷ் பண்ணச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன், "பண்ணிப் பாப்போம் சார்" என்பதுதான் பதில். சரி, நாமே கொஞ்சம் பார்ப்போம் என்று ஒரு நோட்டு போட்டேன்.

கிளம்பிய நேரம், கோளாறு வந்த நேரம், நெரிசலா காலி ரோடா, அவ்வளவுதான் எழுதியது. பத்து நாளில் ஏழு தடவை வந்திருந்தது. ஏழுமே கிளம்பி 25 நிமிடத்துக்குப் பிறகு, அதுவும் நெரிசலில். காலையில் ஸ்டார்ட் செய்த உடனே ஒரு தடவைகூட வரவில்லை. ஆக, சூடு ஏறினால் வருகிறது, ஆறினால் போகிறது. கியர்பாக்ஸுக்குள் தேய்ந்த கிளட்ச் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் புதுசாகிவிடுமா என்ன?

அடுத்து ஆயில். இதில்தான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். இன்ஜின் ஆயிலை ஆஃப் செய்துவிட்டுப் பார்ப்போம். என் வண்டியின் கியர் ஆயிலை அப்படிப் பார்க்கக் கூடாது. நன்றாக ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை அழுத்திக்கொண்டு லிவரை பி-யிலிருந்து எல் வரை ஒவ்வொன்றாக நகர்த்தித் திரும்பப் பி-க்குக் கொண்டுவந்து, இன்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். (சில கம்பெனி வண்டிகளில் ஆஃப் செய்துதான் பார்க்க வேண்டும். மேனுவல் சொல்வதைக் கேளுங்கள்.) அளவு சரியாக இருந்தது. ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விட்டேன். புதிதில் சிவப்பாக இருக்கும் ஆயில் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தது. ஆனால் கறுக்கவில்லை, கருகிய வாடையும் இல்லை. கிளட்ச் எரிந்திருந்தால் மூக்கே சொல்லிவிடும்.

போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து இன்னொன்றும் செய்தேன். என்-னிலிருந்து டி-க்குப் போட்டதும் கியர் பிடிக்கிற லேசான குலுக்கல் எவ்வளவு நேரத்தில் வருகிறது? சர்வீஸ் மேனுவலில் 1.2 விநாடிக்குள், ரிவர்ஸுக்கு 1.5 விநாடிக்குள் என்று இருந்தது. சூட்டிலும் குளிரிலும் இரண்டுமே அதற்குள் வந்தன. பம்ப்பும் ஆயில் பிரஷரும் நன்றாக இருக்கின்றன என்று இதை வைத்து ஒரு நம்பிக்கை.

என்னிடம் இருந்த சின்ன புளூடூத் ஸ்கேனர் பி0700 என்ற கோளாறு எண்ணை மட்டும் காட்டியது. அதைப் பார்த்து முதலில் பயந்துவிட்டேன். உண்மையில் அந்த எண்ணுக்கு 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஏதோ புகார் இருக்கிறது, அங்கே போய்க் கேள்' என்பதுதான் அர்த்தம். என்ன புகார் என்று அதில் இருக்காது. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரோடு பேசக்கூடிய பெரிய ஸ்கேனர் வைத்திருந்த மூன்றாவது மெக்கானிக்கிடம் போனேன். பி0753 வந்தது. முதல் ஷிப்ட் சாலினாய்டின் (கியர் மாற்ற ஆயிலின் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு) மின் இணைப்பில் கோளாறு. அந்தச் சாலினாய்டின் சர்க்யூட் அறுந்ததாகத் தெரிந்தால் கம்ப்யூட்டர் வழக்கம்போல் கியர் மாற்றுவதில்லை. பாதுகாப்புக்காக வண்டியை மூன்றாவது கியரிலேயே வைத்துவிடுகிறது. சிக்னலில் கிளம்ப முடியாத கதை அதனால்தான்.

கியர்பாக்ஸின் வெளிப்பக்கக் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். 13 ஓம். 11 முதல் 15 வரை இருக்கலாம். "சாலினாய்டு நல்லாத்தான் சார் இருக்கு. ஒயரிங்ல எலி கடிச்சிருக்கும்" என்று தேட ஆரம்பித்தார். எங்கள் அடுக்ககத்தில் எலிக்குப் பஞ்சமில்லை, அதனால் நானும் நம்பினேன். ஒரு மணி நேரம் ஒயரைத் தடவியும் ஒன்றும் அகப்படவில்லை.

நோட்டு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. "அண்ணே, வண்டி காலையிலிருந்து நிக்குது. ஆறின வண்டியில அளந்தா நல்லாத்தானே காட்டும்? ஓட்டிட்டு வந்து அளப்போம்" என்றேன். அரை மணி நேரம் மேடவாக்கம் நெரிசலில் வேண்டுமென்றே சுற்றினோம். விளக்கு மினுக்கியதும் கடைக்குத் திருப்பி, கை சுடச்சுட கனெக்டரைக் கழற்றினார். மீட்டரில் 'ஓ.எல்.'. அதாவது சர்க்யூட்டே இல்லை. இருவரும் அப்படியே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டாவது நிமிடம் எண் திரும்பி வந்தது: 14.

கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டை இறக்கியதும் முதலில் அடியிலிருந்த காந்தங்களைப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் மை மாதிரிக் குழம்பு. அது இருக்க வேண்டியதுதான். சில்லுச் சில்லாக இரும்பு இருந்திருந்தால் ஓவர்ஹால் பேச்சுக்கே வந்திருக்க வேண்டும். சாலினாய்டு ஒரு போல்ட்டில் கழன்று வந்தது, கட்டை விரல் அளவு. கோளாறு உள்ளே போகும் ஒயரிலா, சாலினாய்டின் கம்பிச் சுருளிலா என்று உறுதி செய்ய அதை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவியின் ஹேர் டிரையரைக் காட்டினேன். மூன்று நிமிடத்தில் ஓ.எல். "அது என் தலைக்கு வாங்கினதுங்க" என்றாள். டிரையரில் கியர் ஆயில் வாடை இரண்டு வாரம் போகவில்லை.

புதிய சாலினாய்டு வரவழைக்க ஒரு மாதம் ஆகும் என்றார்கள். பழைய கார் உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கு மீட்டரோடு போனேன். மூன்று பழைய சாலினாய்டுகளை எடுத்துப் போட்ட கடைக்காரர், டிரையரையும் பையிலிருந்து எடுத்ததும் சிரித்துவிட்டு ஸ்விட்ச் போர்டைக் காட்டினார். ஒன்று சூட்டில் செத்தது. மற்ற இரண்டில் ஒன்றை 1,500 ரூபாய்க்கு வாங்கினேன்.

ஆயில் தட்டை இறக்கியபோது மூன்றரை லிட்டர்தான் வெளியே வந்தது. மொத்தம் எட்டு லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸில் மீதியில் பெரும்பகுதி கன்வர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். மேனுவலில் சொன்ன அதே வகை ஆயிலை ஊற்றி, 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடித்து மாற்றினோம். ஆயில், வடிகட்டி, கூலி எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குள் முடிந்தது. பி-யிலிருந்து ஆர் போடும்போது ஒரு சின்ன இடி இன்னும் இருக்கிறது. அது இன்ஜின் மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்) என்கிறார் மெக்கானிக் அண்ணன். அடுத்த மாதம் பார்க்க வேண்டும்.