ரோம டெனாரியஸ் கேள்விக்குப் படித்த விதம்

முதுகலையில் நாணயவியல் தாள் எடுத்தவர்களைக் கலங்கடிப்பது படம் பார்த்து விடை எழுதும் கேள்விதான். ரோம வெள்ளிக் காசான டெனாரியஸ் ஒன்றின் இரு பக்கத்தையும் அச்சடித்துக் கொடுத்து, அதிலுள்ள சமயக் குறியீடுகளை விளக்கு என்பார்கள். பலரும் பேரரசர் வரிசையை உருப்போட்டுக்கொண்டு போவார்கள். நான் காசின் பின்புறத்தில் இருந்துதான் படித்தேன்: யார் கையில் என்ன, காலடியில் என்ன?

ரோமத் தெய்வங்களில், மயில் நின்றால் ஜூனோ. கழுகோ இடியோ இருந்தால் ஜூபிடர். கவசமும் ஈட்டியுமாக நிற்பவள் மினர்வா. பேரரசர் டொமிஷியன் காசுகளில் சலிக்கச் சலிக்க வருவாள். இதெல்லாம் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

மதிப்பெண் இருப்பது பூசைப் பொருள்களில். அகஸ்டஸ் கி.மு. 2 முதல் லுக்டூனத்தில், அதாவது இன்றைய லியோனில், அடித்த காசை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தத்தெடுத்த பேரன்கள் காயஸும் லூசியஸும் கேடயங்களின் மேல் கைவைத்து நிற்கிறார்கள். கண்ணை இன்னும் மேலே கொண்டுபோனால் ஒரு கரண்டி, ஒரு வளைந்த கோல். கரண்டி, பலியின்போது மது வார்ப்பதற்கு. அது பூசாரிக் குழுவில் இருந்த காயஸைக் குறிக்கும். கோல், பறவை நிமித்தம் பார்ப்பவர்களுடையது, அது லூசியஸுக்கு. அடுத்த வாரிசுகள் இவர்கள்தான் என்பதை அகஸ்டஸ் சமயப் பதவி வழியாகவும் சொல்லிவிடுகிறார். இந்த ஒரு வரியை எழுதினாலே விடை எடுபடும்.

தேய்ந்த காசில் அந்தக் கரண்டி வெறும் புள்ளியாகத்தான் தெரியும். காசின் அகலமே 2 செ.மீ.க்குள்தான். அதனால் நல்ல படத்தோடு நிறுத்தாமல் தேய்ந்தவற்றின் படங்களையும் பாருங்கள். நமக்கு இதில் ஒரு வசதி, கோவை வட்டாரப் புதையல்களில் அதிகம் கிடைத்தவையே இந்த வகையும் அகஸ்டஸுக்கு அடுத்த பேரரசர் டைபீரியஸின் காசும்தான். சென்னை எழும்பூர் அருங்காட்சியகச் சேகரிப்பிலும் ரோமக் காசுகள் உண்டு.

டைபீரியஸ் காசில் செங்கோலும் கிளையுமாக அமர்ந்திருக்கும் பெண்ணை அவருடைய தாய் லிவியா என்று அடித்து எழுதாதீர்கள். காசில் அவள் பெயர் இல்லை. சுற்றியுள்ள வாசகம் தலைமைப் பூசாரி என்ற டைபீரியஸின் பட்டம். 'அமைதித் தேவி வடிவில் லிவியா எனக் கருதுவர்' என்று எழுதுங்கள், போதும்.

அப்புறம், சீசரின் யானைக் காசு. அதில் அவர் முகமே கிடையாது. மறுபுறம் முழுக்கப் பூசாரிக் கருவிகள். அவர் கி.மு. 63லேயே தலைமைப் பூசாரி ஆனவர் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். ஓரத்தில் பென்சிலால் அந்தக் கருவிகளை வரைந்து பெயர் குறிக்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.