டேப்பெட் பார்த்த பிறகு அணையாத மஞ்சள் விளக்கு

பைக் இன்ஜினைத் திறந்து வேலை பார்த்து மூடிய கையோடு மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, உள்ளே எதையோ கெடுத்துவிட்டோம், மறுபடி திறக்கணும் என்பதுதான். திறக்காதீர்கள். அந்த விளக்குக்கு டேப்பெட் என்றால் என்னவென்றே தெரியாது. டேப்பெட் பார்ப்பது என்றால் வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சரிசெய்வது, அதை அளக்க வண்டியில் எந்த சென்சாரும் கிடையாது. ஈசியூவுக்கு (இன்ஜினை நடத்தும் குட்டிக் கணினி) தெரிவதெல்லாம் வயர் வழியாக வருகிற வோல்டேஜ்தான், அது வரவேண்டிய அளவில் வரவில்லை என்றால் விளக்கைப் போட்டுவிடும்.

என்னுடையது 2020இல் பிஎஸ்6 (புகை மாசு விதி) வந்த புதிதில் வாங்கிய 160 சிசி பைக், ஏர் கூலிங், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு வாசலிலேயே டேங்கை இறக்கி, ஹெட் கவரை (இன்ஜின் மேல் மூடி) கழற்றி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தேன். இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருந்தது. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் (பிஸ்டன் மேலே, இரண்டு பக்க வால்வும் மூடியிருக்கும் நிலை) டைமிங் குறியை நேராக வைத்துப் பார்த்ததில் எக்ஸாஸ்ட் பக்கம் இடைவெளி இறுகியிருந்தது, மேனுவலில் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்து, ஸ்பார்க் பிளக்கையும் புதிதாகப் போட்டு மூடினேன். (பிளக் வாங்கும்போது நம்பரில் ரெசிஸ்டரைக் குறிக்கும் ஆர் எழுத்து இருக்கிறதா பாருங்கள். ரெசிஸ்டர் இல்லாத பிளக் கிளப்புகிற மின் இரைச்சல் ஈசியூவைக் குழப்பும்.) ஸ்டார்ட் செய்தால் சத்தம் சுத்தமாக இருக்கிறது, ஐடிலிங் நிற்கிறது, விளக்கு மட்டும் அணையவில்லை. சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் உறுமும் சில விநாடிகள் அது எரிவது வழக்கம், பல்பு வேலை செய்கிறதா என்று காட்டத்தான். அப்புறமும் எரிந்தால்தான் கோளாறு.

விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் வைத்தியம் சொல்ல ஆள் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "முள்ளோடையில பெட்ரோல் போட்டியா?" கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லை தாண்டினால் புதுச்சேரியில் வரி குறைவு, பெட்ரோல் மலிவு, அதனால் வண்டிக்குத் தும்மல் வந்தாலும் பழி அந்த பங்க் மேல்தான், இப்போது எத்தனால் வேறு சேர்ந்துகொண்டது. நேற்று வரை அதே பெட்ரோலில் ஓடிய வண்டி, இன்றைக்கு டேங்கை இறக்கி ஏற்றியதும் விளக்கைப் போட்டால் சந்தேகப்பட வேண்டியது பெட்ரோலையா, நாம் தொட்ட இடங்களையா? இன்னொருவர் பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டச் சொன்னார். பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினாலும் ஈசியூவில் பதிந்த கோளாறு அழியாது. அழிந்தாலும் நஷ்டம் நமக்குத்தான், கையில் இருந்த ஒரே துப்பும் போய்விடும். ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். வண்டியைப் பார்க்காமலேயே சென்சார் போயிருக்கும், மாத்திடலாம் என்றார்கள்.

முதலில் அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று படித்துவிட வேண்டும். பிஎஸ்6 வண்டிகளில் ஓபிடி (வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துப் பதியும் வசதி) கட்டாயம், ஸ்கேனர் இருந்தால் மாட்டிப் படிக்கலாம். ஸ்கேனர் இல்லாவிட்டாலும் சில வண்டிகளில் அந்த விளக்கே மினுக்கி நம்பர் சொல்லும், நீளமாக ஒரு மினுக்கல் பத்து, சின்னதாக ஒன்று என்றால் ஒன்று. இதற்கான அட்டவணை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் இணையத்தில் வேறு வண்டிக்குப் போட்டதைப் பார்த்து சென்சார் வாங்கிவிடாதீர்கள். என் வண்டியில் சின்ன மினுக்கல் ஏழு. மேனுவலில் பார்த்தால் இன்ஜின் ஆயில் டெம்பரேச்சர் சென்சார்.

அந்தச் சென்சாரின் வயர் ஹெட் பக்கமாகத்தான் போகிறது, டேங்கை இறக்கி கவரைக் கழற்றுகிறவன் கை படாமல் இருக்காது. ஆனால் நம்பர் வந்துவிட்டது என்பதற்காக சென்சார் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பிஎஸ்6 முதல் கட்டத்து ஓபிடி பெரும்பாலும் பார்ப்பது சர்க்யூட் அறுந்திருக்கிறதா, ஷார்ட் ஆகியிருக்கிறதா என்றுதான் (2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் கண்காணிப்பு இன்னும் கூடுதல்). சென்சார், கப்ளர் (வயரைச் சென்சாரோடு இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பு), வயர், எர்த் இதில் எது விட்டுப்போனாலும் அதே ஏழுதான் வரும்.

பாண்டி சண்டே மார்க்கெட்டில் எப்போதோ வாங்கிய மல்டிமீட்டர் அன்றைக்குத்தான் உருப்படியாக உதவியது. முதலில் பேட்டரி, 12.6 வோல்ட், பிரச்சினை இல்லை. கப்ளரைக் கழற்றி சென்சாரின் இரண்டு பின்னுக்கும் நடுவில் ஓம் பார்த்தேன், ஆறிய இன்ஜினில் ஏறக்குறைய 2 கிலோ ஓம். கப்ளரை மாட்டி இன்ஜினை ஓடவிட்டு, நன்றாகச் சூடான பிறகு நிறுத்தி மறுபடி பார்த்தால் சில நூறு ஓம். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் இறங்குவதுதான் இந்தச் சென்சாரின் வேலை. மாற்றச் சொன்ன சென்சார் நல்ல சென்சார்.

அடுத்து வயரிங் பக்கம். சாவியை ஆன் செய்து, கழற்றிய கப்ளரின் சிக்னல் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் வைத்தால் 5 வோல்ட் வருகிறது. அதே கப்ளரின் இரண்டு பின்னுக்கும் நடுவில் வைத்தால் வருகிறது, போகிறது, வயரை லேசாக ஆட்டினால் குதிக்கிறது. அதாவது ஈசியூவிலிருந்து வரும் வோல்டேஜ் சரி, எர்த் பக்கம்தான் பிடிப்பு இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தப் பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. எனக்கு வேலை தேவனாம்பட்டினத்தில், பகல் முழுக்க வண்டி உப்புக்காற்றில்தான் நிற்கும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது நனைந்ததும் சேர்ந்திருக்கும். ஆட்டாமல் இருந்தவரை அந்தப் பச்சைக்குள்ளேயே ஏதோ ஒட்டிக்கொண்டு வேலை நடந்திருக்கிறது, டேங்க் இறக்கும்போது வயர் கொஞ்சம் அசைந்தது, ஒட்டு விட்டுவிட்டது.

வைத்தியம் சின்னதுதான். சாவியை ஆஃப் செய்து பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் பச்சை போகத் தேய்த்து, விரிந்திருந்த பின்னை ஊசி முனையால் கொஞ்சம் நெருக்கி, டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாமல் ஈரத்தைத் தடுப்பது) துளி வைத்து, டக் என்று சத்தம் வரும்வரை கப்ளரை அழுத்தினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், பின்னில் இருக்கிற முலாம் போய் அடுத்த மழைக்கே மறுபடி பூக்கும். பேட்டரியை மாட்டி சாவி போட்டேன், பம்ப் உறுமியது, விளக்கு அணைந்தது. சில வண்டிகளில் இப்படி உடனே அணையாது, சில தடவை ஓட்டி, சூடேறி, ஆறிய பிறகுதான் ஈசியூ நம்பும். அதற்குள் பொறுமை இழந்து சென்சார் வாங்கப் போய்விடாதீர்கள்.

இதெல்லாம் மஞ்சள் விளக்குக்கு மட்டும். ஆயில் மாற்றிய பிறகு சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் மல்டிமீட்டரைத் தேடிக்கொண்டு இருக்காமல் அந்த நொடியே இன்ஜினை நிறுத்துங்கள்.

கையோடு டேங்கை மறுபடி இறக்கி மற்ற கப்ளர்களையும் பார்த்தேன். டேங்குக்கு அடியில் இருந்தவை சுத்தம், முன்சக்கரத் தண்ணீர் தெறிக்கிற, பேட்டரி சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் கப்ளரில் மட்டும் பச்சை அரும்பியிருந்தது. அதையும் துடைத்து கிரீஸ் வைத்து, டேங்கை ஏற்றி, இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கி மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பார்த்தேன், 14.1 வோல்ட், சார்ஜிங் சரி.