பற்றரிக்கடை மண்ணும் களப்புச் சேற்றுப் பற்றீரியாவும்

பற்றீரியா ஈயத்தைத் தின்று தீர்க்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளோடு குடியேறுவதற்கு என் மச்சான் பார்த்து வைத்திருக்கும் காணியில் முன்பு பற்றரி திருத்தும் கடை ஒன்று இருந்தது, பற்றரிக்குள் இருப்பது ஈயத் தகடுகள். "நுண்ணுயிர்க் கரைசல் ஒரு போத்தல் வாங்கி ஊத்தினாச் சரிதானே, அது எல்லாத்தையும் தின்னுமாம்" என்று அவர் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. எண்ணெய் கொட்டின மண் என்றால் பேச்சு வேறு. எண்ணெயை உடைத்துக் காபனீரொட்சைட்டும் தண்ணீருமாக்கிவிடக்கூடிய பற்றீரியாக்கள் இருக்கின்றன. ஈயம் மூலகம், அதை எந்த உயிராலும் உடைக்க முடியாது. இன்றைக்கு மண்ணில் விழுந்த ஈயம் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் ஈயமாகத்தான் இருக்கும்.

அப்போ பற்றீரியாவால் என்ன பிரயோசனம்? நிறையவே இருக்கிறது. உலோகம் எந்த உருவில் இருக்கிறது என்பதை அது மாற்றும். தண்ணீரில் கரைந்து வேருக்கும் கிணற்றுக்கும் போகிற உருவில் இருப்பதைக் கரையாத உருவுக்குக் கொண்டுவரும். சில இனங்கள் எதிர்ப்பக்கமாக, கரையாமல் கிடப்பதைக் கரைய வைக்கும். செப்புச் சுரங்கங்களில் தரம் குறைந்த தாதுவிலிருந்து செம்பைப் பிரிக்க அந்த இனங்களைத்தான் வேலை வாங்குகிறார்கள்.

முதல் வகை வேலையைப் பார்க்க நமக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. திருகோணமலையில் தம்பலகாமக் குடாப் பக்கம் கண்டல் சேற்றில் இறங்கினவர்களுக்குத் தெரியும், புதைந்த காலை இழுக்கும்போது கூழ்முட்டை நாற்றம் ஒன்று கிளம்பும், காலில் ஒட்டிவரும் சேறு கரிக்கறுப்பாக இருக்கும். காற்றுப் புகாத அந்த ஆழத்தில் ஒட்சிசன் கிடையாது, அதனால் அங்குள்ள பற்றீரியாக்கள் கடல்நீரில் இருக்கும் சல்பேற்றைக் கொண்டு சுவாசித்து ஐதரசன் சல்பைட்டை வெளிவிடுகின்றன. நாற்றம் அதனுடையது. அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பு நிற இரும்புச் சல்பைட்டு. ஈயம், நாகம் (துத்தநாகம்), கட்மியம் என்ற உலோகங்கள் வந்து சேர்ந்தாலும் அதே மாதிரிப் பிடித்துக் கரையாத சல்பைட்டாகப் படிய வைத்துவிடும். நெதர்லாந்தில் பூடெல் என்ற இடத்து நாக உருக்காலையில் 1992 முதல் இதே வகைப் பற்றீரியாக்களைத் தொட்டியில் வளர்த்து, நிலத்தடி நீரில் கலந்த உலோகங்களைப் பிரித்து, கிடைக்கும் நாகச் சல்பைட்டைத் திரும்ப உலைக்கே அனுப்பினார்கள். எனக்கு மிகப் பிடித்த உதாரணம் இது, ஏனென்றால் உலோகம் கடைசியில் எங்கே போகிறது என்று அங்கே யாரும் கேட்க வேண்டியதில்லை.

சரி, அந்தக் கறுப்புச் சேற்றில் கொஞ்சத்தை அள்ளி ஒரு பலகையில் மெல்லிசாகப் பரப்பிவையுங்கள். கொஞ்ச நேரத்தில் மேற்பரப்பு கபிலமாக மாறத் தொடங்கும். காற்று பட்டதும் சல்பைட்டு உடைகிறது, பிடித்து வைத்திருந்த உலோகமும் வெளியே வரத் தொடங்குகிறது. நுண்ணுயிர்க் கரைசல் விற்கிறவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். ஈரமும் காற்றும் அமிலத்தன்மையும் மாறினால் பற்றீரியா கட்டின கட்டு அவிழும். அதோடு இரசம் (பாதரசம்) கலந்த சேறென்றால் இதே கூட்டத்தில் சில இனங்கள் அதை மெதைல் இரசமாக்கிவிடும், ஜப்பானின் மினமாட்டாவில் மீன் வழியாக ஆட்களைக் கொன்ற அதே பொருள்.

வயலிலும் இதே கதைதான். பொசுபேற்று உரத்தோடு அசுத்தமாகக் கொஞ்சம் கட்மியமும் வரும். வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்வரை பற்றீரியாக்கள் அதைச் சல்பைட்டாக அடக்கி வைத்திருக்கும். கதிர் வந்த பிறகு தண்ணீரை வடியவிட்டால் மண் காற்றைக் குடித்து, கட்மியம் கரைந்து நெல்லுக்குள் ஏறும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் படுகையில் கட்மியம் கலந்த அரிசியைத் தின்று எலும்பு நொறுங்கி 'ஐயோ ஐயோ' என்று கத்தும் நோய் வந்த பிறகு, கதிர் பறியும் காலத்தில் தண்ணீரை வடியவிடாதீர்கள் என்று அந்நாட்டு விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் தண்ணீர் எந்நேரமும் நின்றால் வேறு பற்றீரியாக்கள் இரும்பு ஒட்சைட்டைக் கரைத்து அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக்கை விட்டுவிடும். ஒரு உலோகத்துக்கு மருந்தாவது மற்றதுக்கு வினையாகிறது. மண்ணில் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் எந்தப் பற்றீரியாவையும் இறக்கக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இனி அந்தக் காணி. பற்றரியைப் பிரித்தால் தகடுகளில் இருந்து சாம்பல் நிறப் பொடி உதிரும், அமிலத்தை மதிலோரம் ஊற்றுவார்கள், அங்கே புல்லும் முளைக்காது. மிஞ்சின ஈயத்தை வீச்சுவலைக்கு மணி வார்க்க வாங்கிப்போய் வீட்டு முற்றத்திலேயே தகர டப்பாவில் உருக்குகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் செய்யாதீர்கள். செனகலில் டக்கார் நகரை ஒட்டிய தியாரோய் என்ற ஊரில் பழைய பற்றரி பிரித்த மண்ணால் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் இறந்தார்கள். இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஈயம் பெரும்பாலும் மேல்மண்ணோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், பிள்ளையின் கை வழியாகத்தான் வாய்க்குப் போகும். யூரியாவை உடைக்கும் பற்றீரியாவைக் கொண்டு ஈயத்தைக் காபனேற்றாக இறுக்கலாம் என்று நிறைய ஆய்வுகள் உண்டு, மழைநீரில் அது கரையாது, நல்லதுதான், ஆனால் இரைப்பை அமிலத்தில் கரைந்துவிடும். கிணற்றைக் காப்பாற்றும் வழி பிள்ளையைக் காப்பாற்றாது. அதனால் மச்சானுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: மண்ணைப் பரிசோதிக்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். வாங்கித்தான் தீருவேன் என்றால் கடை இருந்த மூலையில் மேல்மண்ணை அகற்றி நல்ல மண் போடுங்கள், அங்கே கீரை, கிழங்கு வைக்க வேண்டாம், கோழியையும் மேயவிட வேண்டாம், முட்டையிலும் ஈயம் வரும்.

அப்புறம், அள்ளின மண்ணை எங்கே கொட்டுவது? களப்பிலா? கூடவே கூடாது. பற்றீரியாவுக்கு உண்மையான வேலை இந்த இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அநுராதபுரம் பக்கத்து எப்பாவலையில் கிடைக்கும் பாறைப் பொசுபேற்று நம் நாட்டுச் சரக்கு. இலகுவில் கரையாது, ஆனால் பொசுபேற்றைக் கரைக்கும் மண் பற்றீரியாக்கள் தாங்கள் சுரக்கும் சேதன அமிலங்களால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். வெளிவரும் பொசுபேற்று ஈயத்தோடு சேர்ந்தால் பைரோமோர்பைட்டு என்ற கனிமம், அது இரைப்பை அமிலத்திலும் காபனேற்றைப்போல் இலகுவில் கரைவதில்லை. அகற்றின மண்ணோடு இதைக் கலந்து, மழை புகாமல் மூடி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கரையும் ஈயத்தை அளந்து பார்க்க விவசாயம் படிக்கும் பிள்ளைகள் யாராவது முன்வந்தால் மண் தேடித்தருவது என் பொறுப்பு.