கரையில் இருந்து ஹோபார்ட்

25.12.2024, முல்லைத்தீவு

வாடை குறைந்தபாடில்லை. படகுகள் எல்லாம் கரையில்தான். சிட்னியில் இருக்கும் மருமகன் ஒரு இணைப்பு அனுப்பியிருக்கிறான். நாளை சிட்னி–ஹோபார்ட் பாய்ப்படகுப் போட்டி, சிட்னியில் இருந்து தெற்கே தஸ்மேனியாத் தீவின் ஹோபார்ட் வரை 628 கடல் மைல். 1945இல் 9 படகுகளோடு தொடங்கியதாம், இம்முறை 104. எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று கைபேசியிலேயே பார்க்கலாம். சரி, வலை பொத்துவதைத் தவிர இப்போது வேறென்ன வேலை?

26.12.2024

நமது நேரம் காலை 7.30க்குப் புறப்பட்டார்கள். அங்கே பகல் ஒரு மணி. அதைப் பார்த்துவிட்டு நினைவாலயத்துக்குப் போனோம். சுனாமிக்கு 20 வருடம். அதை இங்கே எழுதப்போவதில்லை.

பின்னேரம் ஐயா கைபேசியை வாங்கிப் பார்த்தார். எஞ்சின் வருமுன் பாய் விரித்துத் தொழில் செய்தவர். "மீனுமில்லை, கூலியுமில்லை. பிறகேன் உவங்கள் இந்தக் காத்துக்குள்ள போறாங்கள்?" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை.

ஆனால் கடலைச் சொன்னதும் உடனே பிடித்துக்கொண்டார். அங்கே கரையோரமாக நீரோட்டம் தெற்கே போகிறது. தெற்கிலிருந்து காற்று மாறி அடித்தால் இரண்டும் முட்டி, அலை செங்குத்தாக எழும்பும். அதைத் தாண்டினால், அவுஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் தஸ்மேனியாவுக்கும் இடையிலுள்ள பாஸ் நீரிணை. சராசரி ஆழம் 60 மீற்றர்தான். ஆழம் குறைந்த இடத்தில் பெருங்கடல் அலை வந்து ஏறினால் என்ன ஆகும் என்று அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

27.12.2024

இரவில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், வெவ்வேறு படகுகளில். பாயின் அடியில் இருக்கும் கட்டை, பூம், அதுதான் காரணம் என்கின்றன முதல் செய்திகள். "அலைக்குத்தான் எல்லாரும் பயப்படுவினம். பாய் மறுபக்கம் விழேக்கதான் தலையைக் குனியோணும்," என்றார் ஐயா. பிறகு நெடுநேரம் பேசவில்லை.

முன்னணியில் போன கொமாஞ்சி என்ற படகு, பாய் சேதமாகி விலகிவிட்டது. நமது நேரம் இரவு 9 மணி தாண்டி லோகனெக்ட் என்ற படகு முதலாவதாக ஹோபார்ட் சேர்ந்தது.

28.12.2024

வேறொரு படகிலிருந்து ஒருவர் இருட்டில் கடலில் விழுந்து, படகைவிட்டு ஒரு கிலோமீற்றருக்கு மேல் அள்ளுண்டு போயிருக்கிறார். உடம்பில் கட்டியிருந்த கருவி செய்மதிக்குச் சமிக்ஞை அனுப்ப, உயிரோடு தூக்கிவிட்டார்கள்.

1998 போட்டியில் 115 படகுகள் புறப்பட்டு 44தான் சேர்ந்தன. 6 பேர் இறந்தார்கள். விதிகள் இறுகியது அதற்குப் பிறகுதான். இப்போது நீரிணைக்குள் நுழையுமுன், கிரீன் கேப் முனைக்கு நேரே ஒவ்வொரு படகுத் தலைவரும் வானொலியில் கூப்பிட்டு, படகும் ஆட்களும் தொடர்ந்து போகத் தயார் என்று சொல்லவேண்டும். எனக்குப் பிடித்தது இதுதான். கரையில் நின்று வீரம் பேசலாம்; பாதிவழியில், நனைந்து நடுங்கிக்கொண்டு, வாய்திறந்து சொல்லும்போது மனம் வேறுமாதிரிக் கணக்குப் போடும்.

29.12.2024

கரையில் எங்கள் மீன் கொட்டிலான வாடியில் இந்த வானொலி விதியைச் சொன்னேன். பக்கத்துப் படகுக்காரர் சிரித்தார். "அவங்கள் திரும்பினால் போட்டி மட்டும்தான் போகும். நாங்கள் திரும்பினால் மண்ணெண்ணெய்க் காசு ஆர் தாறது?" நியாயம்தான். கடன்பட்டு எண்ணெய் அடித்தவன் பாதியில் திரும்பமாட்டான். மிதவை அங்கியும் வீட்டுக் கூரையில்தான் தொங்கும்.

அப்புறம் ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார்கள். எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வாடியில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது. அந்த ஒருவர் யார் என்பதில்தான் இன்னும் இழுபறி. மீன் பாடு கிடக்கும் இடத்தை எவன் அடுத்தவனுக்குச் சொல்வான்?