மூச்சு 38-க்கு இறங்கியபோது

எமர்ஜென்சியில் நர்ஸாக இருந்த என்னைக் குழந்தைகள் பக்கம் போட்ட முதல் வருடம் நடந்தது இது. ஏழு மாதக் குழந்தை, மூன்று நாளாகச் சளி, காலையிலிருந்து பால் சரியாகக் குடிக்கவில்லை என்று சாயங்காலம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்கு 64. மூக்கு விடைத்திருந்தது, விலாவுக்குக் கீழே வயிறு உள்ளே இழுத்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை லேசாக ஆடியது. மூச்சை வெளியே விடும்போது 'ம்ம்', 'ம்ம்' என்று ஒரு முனகல். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு சதவீதம் என்ற அளவு, 90. டாக்டர் பார்த்துவிட்டு ப்ராங்கியோலைட்டிஸ் என்றார், நுரையீரலின் சின்னச் சின்ன மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சளி அடைப்பது. ஆக்சிஜன் வையுங்கள், மூக்குச் சளியை உறிஞ்சி எடுங்கள், அடிக்கடி பாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அன்று கட்டில் எல்லாம் நிரம்பியிருந்தது, அவரையும் குறை சொல்ல முடியாது.

இரண்டு மணி நேரம் கழித்து எண்ணினேன். 38. சாச்சுரேஷன் 96. முனகல் நின்றிருந்தது, தலை ஆடவில்லை, குழந்தை அழவுமில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். கேஸ் ஷீட்டில் 'முன்னேற்றம்' என்று எழுதினேன். அம்மாவிடமும் போய், "கொஞ்சம் அடங்கியிருக்கும்மா, தூங்கட்டும்" என்றேன். அந்தம்மா அழுதுவிட்டார், நிம்மதியில்.

நைட் டியூட்டிக்கு வந்த சீனியர் அக்கா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஐந்து விநாடி நின்றார். தொடவில்லை, மானிட்டரைப் பார்க்கவில்லை. குழந்தையின் கண் பாதி திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. கை அம்மா மடியிலிருந்து நழுவிக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. "ஆம்பு பேக்கை எடு, டாக்டரைக் கூப்பிடு" என்றார், குரலை உயர்த்தாமல். ஆம்பு பேக் என்பது கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை.

அந்தக் குழந்தைக்கு ஒன்றும் சரியாகவில்லை, களைத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். கைக்குழந்தையின் விலா மெத்தென்று இருக்கும், பெரியவர்களுக்கு இருப்பதுபோலச் சரிந்து இறங்காமல் கிட்டத்தட்டப் படுக்கைவசமாக இருக்கும், அதனால் மூச்சிழுக்கிற வேலையில் பெரும்பங்கு உதரவிதானத்தின் தலையில்தான் விழுகிறது. அது மணிக்கணக்கில் மல்லுக்கட்டி ஓய்ந்துபோனால் மூச்சின் எண்ணிக்கை இறங்கும். அந்த முனகல்கூட, காற்றுப்பைகள் மூடிவிடாமல் இருக்கக் குழந்தை தானே செய்துகொண்ட ஏற்பாடு. முனகல் நின்றது நல்ல சேதியா, அதற்கும் தெம்பில்லையா என்று நான் யோசித்திருக்க வேண்டும். 96 என்ற எண் வேறு என்னை ஏமாற்றியது. ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்போது சாச்சுரேஷன் ரொம்ப நேரம் அழகாகவே இருக்கும், உள்ளே கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துகொண்டே போவதை விரலில் மாட்டிய ப்ரோப் காட்டாது. 38 என்பது அந்த வயதுக்கு நார்மலான எண், அதுதான் வினை. 38-ஐத் தனியாகப் பார்த்தேன், 64-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

பேக்கை வைத்து மூச்சு கொடுத்தோம், டியூப் போட்டார்கள், ஐசியு-வுக்குப் போனது. பிழைத்துக்கொண்டது. சில நாள் கழித்து வார்டுக்கு வந்ததும் பார்க்கப் போனேன். அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நீங்கதானே சிஸ்டர், அடங்கியிருக்குன்னு சொன்னீங்க" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அந்த வாக்கியம் இத்தனை வருடத்தில் என்னை விட்டுப் போகவில்லை.

பெரியவர்கள் வார்டில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் ஊறியிருக்கும். எண் இறங்கினால் நல்லது. காய்ச்சல் இறங்கியது, நாடித்துடிப்பு இறங்கியது, மூச்சு இறங்கியது, ஆள் சத்தம் போடாமல் படுத்திருக்கிறார், சரி, அடுத்த ஆளைப் பார்ப்போம். குழந்தைகளிடம் இந்தப் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆஸ்துமாக் குழந்தைக்கு நெஞ்சில் விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்து திடீரென்று கேட்காமல் போனால், நெபுலைசர் வேலை செய்துவிட்டது என்று நினைப்பதற்கு முன்னால், விசில் அடிக்கும் அளவுக்காவது காற்று போகிறதா என்று பார்க்க வேண்டும். நாடித்துடிப்பும் இப்படித்தான். மோசமாக இருக்கும் குழந்தைக்கு அது 180-லிருந்து 90-க்கு இறங்கினால், பெரும்பாலும் ஆக்சிஜன் பற்றாமல் இதயம் தளர்கிறது என்று அர்த்தம். மூச்சு கொடுத்தும் 60-க்குக் கீழே போய், கைகால் வெளுத்துக் கிடந்தால், நாடி இருக்கும்போதே நெஞ்சை அழுத்த ஆரம்பிக்கிறோம். இதை முதல் தடவை வகுப்பில் கேட்டபோது தப்பாகச் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன்.

பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை என்றால் காய்ச்சலும் இந்தக் கணக்கில் சேரும். 38 டிகிரி செல்சியஸ் இருந்தாலே அவசரம்தான். ஆனால் தொற்று ரத்தத்தில் பரவிய சில குழந்தைகளுக்கு உடம்பு சுடவே சுடாது, 35.5-க்குக் கீழே இறங்கி ஜில்லென்று இருக்கும். அதுவும் அதே அளவு அவசரம். "காய்ச்சல் இல்லையே சிஸ்டர், ஏன் இவ்வளவு பதற்றம்" என்று புதிதாக வந்த பிள்ளைகள் கேட்பார்கள்.

ரத்த அழுத்தம் மட்டும் எதிர்ப்பக்கமாக ஏமாற்றும். இறங்கவே இறங்காது. குழந்தை உடம்பு ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தை ஓட ஓட விரட்டி, அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், பிறகு ஒரே போக்காக விழும். ஒன்று முதல் பத்து வயதுக்குள் மேல் அழுத்தம் எழுபதோடு வயதை இரண்டால் பெருக்கிக் கூட்டிய எண்ணுக்குக் கீழே போனால் குறைவு என்று வைத்திருக்கிறோம், அதாவது நான்கு வயதுக்கு 78. அந்த எண் வரும்வரை காத்திருந்தால் நாம் தாமதம். கிலோவுக்கு ஏறத்தாழ 80 மில்லி ரத்தம், பத்து கிலோ குழந்தைக்கு மொத்தமே 800 மில்லி. ஒரு டம்ளர் அளவுக்கு ரத்தம் போனாலே கால்வாசி போய்விட்டது. அதனால் அழுத்தமானியைத் தேடுவதற்கு முன்னால் காலைத் தொட்டுப் பாருங்கள். நெஞ்சு சூடாக இருந்து பாதம் ஜில்லென்று இருந்தால், நெஞ்சுக்கூட்டின் நடுவில் ஐந்து விநாடி அழுத்தி எடுத்த இடத்தில் நிறம் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆனால், அதுவே போதும், டாக்டரைக் கூப்பிடலாம்.

அந்த அக்கா ஐந்து விநாடியில் செய்ததற்கு ஒரு பெயர் இருப்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2000-ல் தன் பயிற்சியில் கொண்டுவந்த 'குழந்தை மதிப்பீட்டு முக்கோணம்' அது. தோற்றம், மூச்சுவிடும் பாடு, தோலின் நிறம். மூன்றையும் தொடாமல், கருவி இல்லாமல், தூரத்தில் நின்றே பார்க்க வேண்டும். தோற்றம் என்றால் கைகால் துவண்டிருக்கிறதா, கண் யாரையாவது தேடுகிறதா, அம்மா எடுத்தால் சமாதானம் ஆகிறதா, அழுகை எப்படி இருக்கிறது. அக்காவிடம் இந்தப் பெயரைச் சொன்னேன். "அப்படியா, படம் போட்டுட்டாங்களா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

தொடாமல் பார்ப்பது சொல்ல எளிது, செய்யக் கஷ்டம். கை பரபரக்கும். உள்ளே வந்த குழந்தையிடம் நேராகப் போய் ப்ரோபை மாட்டுவோம், அது வீறிட்டு அழும், அழுகிற குழந்தையின் மூச்சும் நாடியும் எதற்கும் உதவாது, பாதம் குளிர்ந்திருந்தால் சாச்சுரேஷனும் சரியாக வராது. குரல்வளை வீங்கி, மூச்சிழுக்கும்போது கரகரவென்று சத்தம் வரும் குழந்தையை அழ வைத்தால் இருக்கிற கொஞ்ச வழியும் அடைபடும். அதனால் இப்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறேன். அம்மா மடியிலேயே இருக்கட்டும், சட்டையை மட்டும் மேலே தூக்கச் சொல்லி வயிற்றைப் பார்த்து எண்ணுவேன், முழு நிமிடம். கைக்குழந்தைகள் நாலைந்து மூச்சு வேகமாக விட்டுவிட்டுச் சில விநாடி நிறுத்தும், திரும்ப ஆரம்பிக்கும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் நிறுத்தத்தில் மாட்டலாம், ஓட்டத்தில் மாட்டலாம். இருமலும் சளியுமாக வருகிற குழந்தைக்கு, இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40, இவற்றைத் தொட்டால் வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கூட்டமான நேரத்தில் ஒரு முழு நிமிடம் கைகட்டி நின்றால் பின்னால் வரிசையில் இருப்பவர்கள் 'இந்த சிஸ்டர் வேடிக்கை பார்க்கிறாங்க' என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

எடை பற்றி ஒரு வார்த்தை. குழந்தைக்கு எந்த மருந்தும் கிலோக் கணக்குதான், பாராசிட்டமால்கூடக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். அடிபட்டு வந்த குழந்தையைத் தராசில் நிறுத்த முடியாதபோது உயரத்தை வைத்து எடை சொல்லும் ப்ரோஸ்லோ டேப் கைகொடுக்கும், குழந்தைக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தால் குதிகால் எந்த நிறத்தில் முடிகிறதோ அதில் மருந்தளவே அச்சிட்டிருக்கும். தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளினால் மருந்து பத்து மடங்கு, அதனால் என்ன அவசரமானாலும் இன்னொருவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் சிரிஞ்சைக் கையில் எடுப்பேன்.

அடிபட்ட குழந்தைகளிடமும் எனக்குப் பயம் இந்த அமைதிதான். இரவு பத்து மணிக்கு, கட்டிலிலிருந்து விழுந்த இரண்டு வயதுப் பையனைக் கொண்டுவந்தார்கள். முதலில் அழுதானாம், இப்போது அப்பா தோளில் தூங்குகிறான். "அவன் தூங்குற நேரம்தான் சிஸ்டர்" என்றார் அப்பா, நியாயமான பேச்சு. தூக்கமா மயக்கமா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, எழுப்பித்தான் ஆக வேண்டும். பாவமாகத்தான் இருக்கும். பாதத்தைச் சுரண்டினேன், காலை இழுத்துக்கொண்டான். இன்னொரு தடவை சுரண்டியதும் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, என் கையைத் தட்டிவிட்டு, அப்பா கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு திட்டுகிற தொனியில் அழுதான். தட்டிவிட்டானே, அதுதான் எனக்கு வேண்டியது. அப்படியும் சில மணி நேரம் உட்கார வைத்து அவ்வப்போது எழுப்பினோம், அப்பா ஒவ்வொரு தடவையும் என்னை முறைத்தார். தவழவே ஆரம்பிக்காத குழந்தையின் உடம்பில் கன்றிப்போன தடம் இருந்தால் மட்டும் 'விழுந்துட்டான்' என்ற பேச்சை அப்படியே எழுதிக்கொண்டு விடுவதில்லை, டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்.

அம்மாக்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுவதும் அந்த 38-க்கு அப்புறம் வந்த பழக்கம். "எப்பவும் போல இல்லை", "அழுகை வேற மாதிரி இருக்கு", "என்னைப் பார்க்கவே மாட்டேங்குது". மருத்துவ மொழியில் மாற்றி எழுதினால் இதில் பாதி காணாமல் போகிறது. அன்று நான் அந்த அம்மாவிடம் "தூங்கட்டும்" என்று சொன்னதற்குப் பதிலாக, 'இப்போ எப்படி இருக்கான், இப்படித்தான் தூங்குவானா' என்று கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

போன வாரமும் ஒரு ப்ராங்கியோலைட்டிஸ் குழந்தை, எட்டு மாதம். வந்தபோது 62, நள்ளிரவில் 40. எண்ணைப் பார்த்ததும் இன்னும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்கிறது. டார்ச்சை அணைத்துவிட்டு நின்றேன், முழு நிமிடம் மறுபடி எண்ணினேன், 42. வயிறு உள்ளே இழுப்பது குறைந்திருந்தது, பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. குனிந்து எழுதும்போது என் பாக்கெட்டிலிருந்த பேனா மூடியைப் பார்த்துக் கையை நீட்டி, பிடித்து, விடவே மாட்டேன் என்று இழுத்தது. கேஸ் ஷீட்டில் 42 என்று எழுதி, பக்கத்தில் 'அம்மா மடியில், விழித்திருக்கிறது, 60 மில்லி பால் குடித்தது, பேனாவைப் பிடுங்கியது' என்று எழுதினேன். காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், ஆனால் அந்த வரியை அடித்துவிடவில்லை.